சமூகம், குழந்தை வளர்ப்பு, நடப்பு விவகார நூல்களைச் சோதித்துப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையை எப்படி வளர்ப்பது, சமூகம் ஏன் இப்படி இருக்கிறது, நாட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தருவதாகச் சொல்லும் அபுனைவு நூல்களுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. கதைபோல ஓடும் நடையும், ஆய்வு முடிவு என்ற அதிகாரமும், நாளைக் காலையிலேயே வீட்டில் செய்து பார்க்கலாம் என்ற நம்பிக்கையும் ஒரே அட்டைக்குள் கிடைக்கின்றன. ஆய்விதழில் வரும் கட்டுரையை அந்தத் துறையைச் சேர்ந்த மற்றவர்கள் படித்துக் குறை சொன்ன பிறகே அச்சேற்றுவார்கள். கடையில் விற்கும் நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய சோதனை கிடையாது. தகவல்கள் சரியா என்று பார்க்கும் பொறுப்பைப் பதிப்பகங்கள் பொதுவாக எழுத்தாளரிடமே விட்டுவிடுகின்றன. ஆகவே அந்த வேலையில் ஒரு பங்கு வாசகரின் தலையில் விழுகிறது.

அதற்காக நூலின் ஒவ்வொரு வரியையும் துருவ வேண்டியதில்லை. முந்நூறு பக்க நூலாக இருந்தாலும், அதன் மையக் கருத்து பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆய்வுகளையோ ஒரு சில கள அனுபவங்களையோ நம்பித்தான் நிற்கும். அவை எவை என்று கண்டுபிடித்து, யாரை வைத்து, எங்கே, எத்தனை பேரிடம் செய்யப்பட்டவை என்று கேட்டுவிட்டால், நூலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியை நோக்கியே செல்கின்றன.

முதல் படி: எழுதியவர் எதை வைத்துப் பேசுகிறார் என்று பாருங்கள்

பின்னட்டையில் உள்ள பட்டங்களைவிட, எழுதும் பொருளோடு எழுத்தாளருக்கு உள்ள உறவே முக்கியம். திறமை வளரக்கூடியது என்ற மனப்பாங்கு பற்றி 2006இல் நூல் எழுதிய கேரல் டுவெக், கண்முன் இருக்கும் இனிப்பை உண்ணாமல் குழந்தை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்க்கும் மார்ஷ்மெல்லோ சோதனை பற்றி 2014இல் எழுதிய வால்டர் மிஷெல் போன்ற உளவியலாளர்கள், தாங்கள் பல்லாண்டுகள் செய்த ஆய்வைத் தாங்களே மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள். அவர்களுக்குத் தரவு கைப்பாடமாகத் தெரியும். ஆனால் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வளர்த்த கோட்பாட்டுக்கு எதிரான சான்றுகளுக்கும் அதே இடத்தைக் கொடுக்க யாருக்கும் எளிதில் மனம் வருவதில்லை.

இரண்டாவது வகையினர், பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இதழாளர்கள். இவர்களிடம் கவனிக்க வேண்டியது, சுருக்கும்போது உதிர்ந்துபோகும் நிபந்தனைகளை. மால்கம் கிளாட்வெல் 2008இல் வெளியிட்ட 'அவுட்லையர்ஸ்' நூலின் வழியாக உலகெங்கும் பரவிய 10,000 மணி நேரப் பயிற்சிக் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக் கல்விக்கூடத்து வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அதில் 10,000 என்பது மிகச் சிறந்த பிரிவைச் சேர்ந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி மட்டுமே. அந்தப் பிரிவிலேயே பாதிப் பேர் அந்த எண்ணை எட்டியிருக்கவில்லை. நூல் வழியாக வெளியே வந்தபோது, எவரும் எட்டிவிட்டால் வல்லவராகிவிடலாம் என்ற எல்லைக்கோடாக அது மாறிப்போனது. எரிக்சனே பின்னாளில் இதை மறுத்து எழுதினார். செஸ் வகுப்பிலும் கீபோர்டு வகுப்பிலும் பெற்றோரிடம் அந்தக் கணக்கைச் சொல்வது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

மூன்றாவது வகை, சொந்த வாழ்க்கையை எழுதுவது. சீன வம்சாவளி அமெரிக்கரான ஏமி சுவா 2011இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலிலிருந்து ஒரு பகுதியை, சீனத் தாய்மார்கள் ஏன் மேலானவர்கள் என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு அமெரிக்க நாளிதழ் வெளியிட்டதும் பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தத் தலைப்பைத் தாம் வைக்கவில்லை என்றும், தம்முடைய நூல் அறிவுரைக் கையேடு அல்ல, நினைவுக்குறிப்பு என்றும் அவர் விளக்க வேண்டியிருந்தது. நூலின் பிற்பகுதியில் இளைய மகளின் எதிர்ப்புக்கு முன்னால் தாய் பின்வாங்குகிறார். நாளிதழில் வந்த பகுதியை மட்டும் படித்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. இந்த வகை நூல்களைப் படிக்கும்போது 'இது சரியா' என்று கேட்பதைவிட 'இது யாருடைய வீட்டில் நடந்தது' என்று கேட்பதே பொருந்தும்.

நான்காவது வகை களச் செய்தியாளர்களின் நூல்கள். இவற்றின் மதிப்பு, களத்தில் எத்தனை நாள் இருந்தார்கள், யாரிடம் கேட்டார்கள், எதைக் கொண்டு சரிபார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட வறட்சி பற்றிய நூல் ஐந்து மாநிலங்களின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் தங்கி எழுதப்பட்டது. இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் அடங்கும். அந்த ஊர்களை அறிந்த தமிழ் வாசகர், நூலில் உள்ளதைத் தம் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்படி ஒரு வாய்ப்பு எல்லா நூல்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு?

நாவலுக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. குழந்தை வளர்ப்பு நூலுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகவே ஆகிவிடக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட நூல் பல மொழிகளில் கோடிக்கணக்கில் விற்றது. 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த அதன் பதிப்புகளில், மல்லாந்து படுக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் என்று கருதி, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கும்படி சொல்லப்பட்டது. கேட்பதற்குப் பொருத்தமான காரணம்தான். ஆனால் குப்புறப் படுக்கும் குழந்தைகளிடையே உறக்கத்தில் நேரும் திடீர் மரணம் அதிகம் என்ற சான்றுகள் 1970 வாக்கிலேயே சேரத் தொடங்கியிருந்தன. அவற்றை அப்போதே ஒன்றுதிரட்டிப் பார்த்திருந்தால், பிரிட்டனில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய பகுதிகளில் குறைந்தது 50,000 மரணங்களையும் தவிர்த்திருக்கலாம் என்று 2005இல் வெளிவந்த ஒரு மீளாய்வு மதிப்பிட்டது. மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லும் பெரும் பிரசாரம் அமெரிக்காவில் 1994இல்தான் தொடங்கியது.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த நூலோ, வீட்டுப் பெரியவர்கள் பத்திரமாக எடுத்துக் கொடுத்த நூலோ, முதலில் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பானால் இரண்டு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்: மொழிபெயர்ப்பு வந்த ஆண்டு, மூல நூல் வந்த ஆண்டு. அட்டை புதிதாக இருக்கும்; உள்ளே இருக்கும் மருத்துவம் இருபது ஆண்டு பழையதாக இருக்கலாம். குழந்தையின் உறக்கம், உணவு, மருந்து, தடுப்பூசி பற்றிய எதையும், நூல் எந்த ஆண்டைச் சேர்ந்ததாக இருந்தாலும், குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்

புத்தகக் காட்சியில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் முன்னுரையைப் படிப்பதைவிடக் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவது பயன் தரும். அங்கே குறிப்புகள் உண்டா, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு உண்டா, எப்படி எழுதினேன் என்று ஆசிரியர் எங்காவது விளக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அன்னவாடி குடிசைப் பகுதியைப் பற்றி 2012இல் நூல் வெளியிட்ட அமெரிக்கச் செய்தியாளர் கேத்தரின் பூ, இறுதியில் ஓர் ஆசிரியர் குறிப்பைச் சேர்த்திருக்கிறார். 2007 நவம்பரிலிருந்து 2011 மார்ச் வரை அங்கே நடந்தவற்றை எழுத்திலும் ஒலி, ஒளிப்பதிவிலும் பதிந்ததையும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுப் பெற்றவை உள்பட 3,000க்கும் மேற்பட்ட அரசு ஆவணங்களைக் கொண்டு சரிபார்த்ததையும் அதில் சொல்கிறார். நூலில் வருபவர்களின் மனவோட்டத்தை இவர் எப்படி அறிந்தார் என்ற ஐயம் வாசகருக்கு எழும். அதற்கும் அந்தக் குறிப்பில் விளக்கம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தால், அதே வரிகளுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் பக்கங்களைக் குறைப்பதற்காகக் குறிப்புகளையும் சொல்லடைவையும் நீக்கிவிடுகிறார்கள். விலை குறைவதால் வாங்குபவருக்கு நன்மை என்று இதற்குக் காரணம் சொல்லலாம். என்னைப் பொறுத்தவரை, ஆய்வை நம்பி எழுதிய நூலின் குறிப்புகளை நீக்குவது பாதி நூலை நீக்குவதற்குச் சமம். அப்படிப்பட்ட நூல் கையில் இருந்தால், சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ மூல நூல் இருக்கிறதா என்று தேடி, குறிப்புப் பக்கங்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்து முடித்ததும் இதைச் செய்ய வேண்டும். எழுதிய வாக்கியம் மூன்றில் எந்த வகை என்று பாருங்கள். 'இப்படி நடக்கிறது' என்பது விவரிப்பு. 'இதனால்தான் நடக்கிறது' என்பது காரணம். 'ஆகவே இதைச் செய்யுங்கள்' என்பது அறிவுரை. விவரிப்புக்கு ஒரு நல்ல கணக்கெடுப்பு போதும். காரணம் சொல்ல அதைவிட வலுவான சான்று வேண்டும். அறிவுரை சொல்ல வேண்டுமானால், அதைச் செய்தவர்களுக்கு உண்மையில் பலன் கிடைத்தது என்ற சான்றும் வேண்டும். விவரிப்புக்கான சான்றை முதல் அத்தியாயத்தில் கொடுத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் அறிவுரையில் வந்து முடியும் நூல்கள் ஏராளம். இடையில் எந்தப் பக்கத்தில் வகை மாறியது என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: நூலைத் தாங்கும் ஆய்வைத் தேடிப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் கேட்கும் படி இதுதான். குழந்தை வளர்ப்பு நூல்களில் மிக அதிகமாகச் சொல்லப்படும் மார்ஷ்மெல்லோ சோதனையை எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் செய்வதென்று பார்ப்போம்.

நூல்களில் வரும் கதை இது: நான்கு வயதுக் குழந்தையின் முன்னால் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் போன்ற ஓர் இனிப்பை வைத்து, நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போகிறார். காத்திருந்த குழந்தைகள் வளர்ந்த பிறகு படிப்பிலும் வாழ்க்கையிலும் முன்னே நின்றார்கள். ஆகவே உங்கள் பிள்ளைக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுங்கள். விவரிப்பு, காரணம், அறிவுரை மூன்றும் நான்கு வரிகளில் வந்து முடிந்துவிட்டதைக் கவனியுங்கள்.

இப்போது கேள்விகளைக் கேட்போம். யாரை வைத்து? 1960களின் இறுதியிலிருந்து 1970களின் முற்பகுதி வரை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் படித்த குழந்தைகளை வைத்து. பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். எத்தனை பேர்? சோதனைகளில் மொத்தம் 653 குழந்தைகள் கலந்துகொண்டார்கள். ஆனால் பின்னாளைய வாழ்க்கையோடு இணைத்துப் பார்த்த 1990ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு, கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் கிடைத்தது 94 பேருக்கு மட்டும். அவர்களிலும், இனிப்பு கண்ணுக்கு முன்னால் இருந்து, மனத்தைத் திருப்பும் உத்தி எதுவும் சொல்லித்தரப்படாத பிரிவில்தான் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்பட்டது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 35 பேர். ஆராயப்பட்டவர்கள் குறைவு என்பதால் இந்தத் தொடர்பு மிகையாகத் தெரியக்கூடும் என்று கட்டுரையாளர்களே அதில் எச்சரித்திருந்தார்கள். கட்டுரையிலிருந்து நூல்களுக்கும் மேடைகளுக்கும் போகும் வழியில் அந்த எச்சரிக்கை காணாமல் போய்விட்டது.

அடுத்த கேள்வி: வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவ்னான் குவான் ஆகியோர் 900க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளின் தரவை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பலதரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். காத்திருந்த நேரத்துக்கும் 15 வயதில் பெற்ற தேர்ச்சிக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் பழைய ஆய்வில் சொன்னதில் பாதி அளவுதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் முந்தைய அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவையானது. செலஸ்ட் கிட் தலைமையில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013இல் வெளியான அந்த ஆய்வில், மார்ஷ்மெல்லோவைக் காட்டுவதற்கு முன்னால் குழந்தைகளைப் படம் வரைய உட்காரவைத்தார்கள். மேசையில் இருந்தவை பழைய மெழுகு வண்ணக்குச்சிகள். கொஞ்சம் பொறுத்திருந்தால் நல்ல சாமான்களைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போனார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மற்றொரு பிரிவிடம் வெறுங்கையோடு திரும்பி, மன்னித்துக்கொள், தீர்ந்துபோய்விட்டது, இருப்பதையே வைத்துக்கொள் என்றார். ஒட்டுப்படங்களை வைத்தும் இதேபோல ஒரு முறை நடந்தது. அதன் பிறகுதான் மார்ஷ்மெல்லோ வந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் 3 நிமிடம். பொறுமை குழந்தைக்குள் இருக்கும் குணம் மட்டுமல்ல, பெரியவர்களின் சொல்லை நம்பலாமா என்று அந்தக் குழந்தை போடும் கணக்கும் அதில் இருக்கிறது என்று இது காட்டுகிறது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது என்பதால், இதில் கலந்துகொண்டவர்கள் 28 குழந்தைகள் மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிடித்த ஆய்வுக்குச் சலுகை காட்டினால் இந்தப் படியே வீண்.

இவற்றையெல்லாம் தேட ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் கட்டுரையின் பெயரையோ ஆய்வாளர் பெயரையோ இட்டால் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும்; அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியலும் அதன் கீழேயே இருக்கும். அந்தப் பட்டியலில் மறு ஆய்வு, மீளாய்வு என்ற பொருள்படும் தலைப்புகளை மட்டும் திறந்தால் போதும். அரை மணி நேர வேலை.

இதே கேள்விகளை இன்னும் இரண்டு புகழ்பெற்ற கருத்துகளிடம் கேட்டுப் பாருங்கள். மோட்சார்ட் இசை கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்ற நம்பிக்கைக்கு வேராக இருந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு குழந்தைகூட இல்லை; 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் இசை கேட்டார்கள், இடம்சார்ந்த புதிர்களில் அவர்கள் பெற்ற முன்னேற்றம் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆனாலும் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998இல், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்கப் பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன்பே மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்டிருப்பார்கள் என்ற கணக்கு, 1995இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. கான்சாஸ் நகரில் 42 குடும்பங்களில் மாதம் ஒரு மணி நேரம் பதிவு செய்து, அதைப் பெருக்கிப் போட்ட மதிப்பீடு அது; அரசு உதவித்தொகை பெற்ற குடும்பங்கள் அதில் ஆறுதான். குழந்தையிடம் நிறையப் பேசுவது நல்லது என்பதை யாரும் மறுக்கவில்லை. மூன்று கோடி என்ற எண் தாங்கும் சுமைதான் அதிகம்.

ஆறாம் படி: எவ்வளவு, எதனால் என்று தனித்தனியாகக் கேளுங்கள்

ஒரு முறை பலன் தருகிறது என்பது வேறு, எவ்வளவு தருகிறது என்பது வேறு. திறமை வளரக்கூடியது என்ற மனப்பாங்கை மாணவர்களுக்கு ஊட்டும் பயிற்சியை அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இருந்தது, படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண், நான்குக்குக் கணக்கிடும் அளவுகோலில் 0.1 உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான, செலவில்லாத இணையவழிப் பயிற்சிக்கு அது நல்ல பலன் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் மனப்பாங்கை மாற்றினால் பிள்ளையின் தலையெழுத்தே மாறிவிடும் என்று சொல்லும் நூல்களுக்கும் அந்த 0.1க்கும் இடையே வெகு தூரம்.

எதனால் என்ற கேள்விக்கு இன்றைய பெரிய களம் கைபேசி விவாதம். அமெரிக்கச் சமூக உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2024இல் வெளியிட்ட நூல், 2010க்கும் 2015க்கும் இடையே பிள்ளைப் பருவம் விளையாட்டுத் திடலிலிருந்து திறன்பேசிக்கு இடம் மாறியது என்றும், பதின்வயதினரின் மனநலம் குலைந்ததற்கு அதுவே முக்கியக் காரணம் என்றும் வாதிடுகிறது. உளவியலாளர் கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் 'நேச்சர்' இதழில் அதற்கு எழுதிய மதிப்புரையில், இருப்பது பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் சான்றுதான் என்றும், ஏற்கெனவே மனச்சோர்வில் உள்ள பிள்ளைகள் சமூக ஊடகங்களில் அதிக நேரம் கழிப்பதாகவும் இருக்கலாம் என்றும் மறுத்தார். ஹைட் தரப்பு, சமூக ஊடகப் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லிச் செய்த சோதனைகளை முன்வைத்துப் பதில் சொன்னது. விவாதம் முடிவதற்குள் சட்டம் வந்துவிட்டது: 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இங்கே வாசகர் யார் பக்கம் என்று உடனே முடிவெடுக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கைபேசியை இரவு பத்து மணிக்கு வாங்கி வைப்பதற்கு, உலகளாவிய மனநலச் சரிவின் காரணம் நிரூபணம் ஆக வேண்டும் என்று காத்திருக்க அவசியமில்லை. தூக்கம் கெடுகிறது என்பது வீட்டிலேயே தெரியும். நாட்டுக்கே சட்டம் போடுவதற்குக் கேட்கும் சான்றும், நம் வீட்டு வழக்கத்தை மாற்றக் கேட்கும் சான்றும் ஒரே எடை கொண்டவை அல்ல.

ஏழாம் படி: அரசுப் புள்ளிவிவரத்தின் விளிம்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியச் சமூகத்தைப் பற்றிய நூல்களில் மூன்று தரவுகள் திரும்பத் திரும்ப வரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள், காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல. புகாரை மறுக்காமல் வாங்கிப் பதியும் மாநிலம் இந்தக் கணக்கில் மோசமாகத் தெரியும், வந்தவரைத் திருப்பி அனுப்பும் மாநிலம் அமைதிப் பூங்காவாகத் தெரியும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். பாலியல் வன்முறைக்குப் பின் கொலை நடந்திருந்தால், அது கொலைக் கணக்கில் ஏறும். இரு மாநிலங்களை ஒப்பிட்டு ஒரு நூல் தீர்ப்புச் சொல்லும்போது இந்த விவரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைவிட உறுதியானது; வீடு வீடாகச் சென்று, உயரமும் எடையும் அளந்து எடுப்பது. 2019–21 சுற்றில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்தியாவில் 35.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. மாநிலச் சராசரியோடு நூல் நின்றுவிட்டால், மாவட்டவாரியான தகவல் தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்தை எடுத்துப் பாருங்கள். கல்வி பற்றிய நூல்களில் வரும், பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை அளக்கும் 'ஏசர்' அறிக்கையின் வீட்டுக் கணக்கெடுப்பு கிராமப்புறங்களில் எடுக்கப்படுவது. அதன் எண்ணை இந்திய மாணவர்கள் அனைவருக்கும் பொருத்திப் பேசும் நூல், அந்த இடத்தில் கவனக்குறைவாக இருந்திருக்கிறது.

எட்டாம் படி: மறுப்பைத் தேடுங்கள், திரும்பப் பெற்றதையும் தேடுங்கள்

தவறு தெரிந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றாலும், அதை நம்பி எழுதிய நூல் கடையிலேயே இருக்கும். உணவுப் பழக்கம் பற்றி 2006இல் வெகுவாக விற்ற நூலை எழுதிய பிரையன் வான்சிங்க், கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ஆப்பிளில் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில் வரும் எல்மோ பொம்மையின் படத்தை ஒட்டினால் பள்ளிப் பிள்ளைகள் பிஸ்கட்டுக்குப் பதில் அதை எடுக்கிறார்கள் என்ற அவருடைய ஆய்வு பெற்றோரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆய்வு, உண்மையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் செய்யப்பட்டது என்று தெரியவந்து 2017இல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு ஒரே நாளில் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரு மருத்துவ இதழ்க் குழுமம் திரும்பப் பெற்றது. பல்கலைக்கழக விசாரணை அவர்மீது தவறு கண்டது, அவர் பதவி விலகினார். ஆய்வாளர் பெயரை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தளத்தில் தேடுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

மறுப்பு என்றால் திட்டுவது அல்ல. அதே துறையில் உள்ள ஒருவர், அதே சான்றுகளை வைத்து வேறு முடிவுக்கு வந்திருக்கிறாரா என்று பார்ப்பது. பெற்றோரின் வளர்ப்பு முறையைவிடத் தோழர் கூட்டமும் மரபணுவுமே குழந்தையின் குணத்தை உருவாக்குகின்றன என்று 1998இல் ஜூடித் ரிச் ஹாரிஸ் எழுதிய நூலை, அதை முழுவதும் ஏற்க முடியாதவர்களும் ஒரு முறை படிக்க வேண்டும். அதன் பிறகு எந்தக் குழந்தை வளர்ப்பு நூலைத் திறந்தாலும், பெற்றோர் செய்ததால் பிள்ளை இப்படி ஆனதா, பெற்றோரின் இயல்பே பிள்ளைக்கும் வந்ததா என்ற கேள்வி தானாக எழும்.

ஒன்பதாம் படி: வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்

உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் ஒரு கணக்கெடுத்தார். முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளில் வாழ்வது உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு. குழந்தை தனி அறையில் தூங்குவதையும், மாலையில் தாயும் தந்தையும் மட்டும் வீட்டில் இருப்பதையும் இயல்பாகக் கொண்டு எழுதப்பட்ட அறிவுரை, ஆச்சி ஊட்ட, சித்தப்பா தூக்கிப் போக, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வளரும் குழந்தைக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அந்த நூல் சொல்லாது. அதற்காக, இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் விவகாரம் என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் சோம்பேறித்தனம். அடிப்பது குழந்தைக்குக் கேடு என்பது போன்ற முடிவுகள் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியானவை. நம் ஊர் வழக்கம் என்று சொல்லி அவற்றிலிருந்து தப்பிக்க முடியாது.

ஒரு நூலிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நூல்களின் அறிவுரைகளை ஒரே வாரத்தில் வீட்டில் புகுத்தினால் எது பலன் தந்தது என்று தெரியாது. பிள்ளைக்கும் எரிச்சல் வரும். மாற்றத்தைத் தொடங்கும் முன், எதைப் பார்த்தால் பலன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை எழுதி வையுங்கள்: காலையில் எழுப்பாமலே எழுகிறானா, வீட்டுப்பாடத்துக்கு அழுகை குறைந்திருக்கிறதா என்பது போல. பிள்ளை வளர்ந்த பிள்ளையாக இருந்தால், எந்த நூலில் எதைப் படித்து இதைச் செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் கேட்கும் எதிர்க்கேள்வி பல நேரம் மதிப்புரைகளைவிடக் கூர்மையாக இருக்கும்.

நூலைத் திருப்பி அலமாரியில் வைக்கும் முன், உள்ளட்டையில் மூன்று வரி எழுதுங்கள்: மையக் கருத்து என்ன, எந்த ஆய்வை அல்லது எந்தக் களத்தை நம்பி நிற்கிறது, அந்த ஆய்வைப் பற்றி நீங்கள் கடைசியாகத் தேடிப் பார்த்தது எந்த மாதம், எந்த ஆண்டு. நடப்பு விவகார நூலாக இருந்தால், அது எழுதி முடிக்கப்பட்ட பிறகு மாறிப்போனவற்றுக்கு, அதாவது வந்த தீர்ப்பு, நடந்த தேர்தல், திருத்தப்பட்ட சட்டம் ஆகியவற்றுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். யாராவது இரவல் கேட்டால் அந்தக் குறிப்போடு சேர்த்தே கொடுக்கலாம்.